வேனுக்குள் பெட்ரோல் வாசம்

எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. பால் திரியப் போகிறதென்றால் அடுப்பில் வைக்கும் முன்பே தெரிந்துவிடும். குழம்பில் உப்புக் குறைவதை மோந்தே சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரர் குமாரசாமி வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னது இது ஒன்றுதான். காப்பியைக் குடியுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆறிப்போகும்.

வேன் தீப்பிடித்தது ஒயர் கோளாறால்தான், விபத்து என்றே முடித்துவிடலாம் என்று சொன்னீர்கள். வேண்டாம். என் மகள் மதிவதனி எரிந்து செத்தபோதும் நீங்கள்தான் வந்தீர்கள். ஸ்டவ் வெடித்தது என்று எழுதிக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனீர்கள். ஒரே வீட்டில் இரண்டு பொய் எழுத உங்களுக்குக் கை கூசாது. எனக்குத்தான் கேட்கக் கூசுகிறது.

மதிவதனி ரூபனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். ரூபனின் அப்பா காலமெல்லாம் எங்கள் தோட்டங்காட்டில் கூலிக்குப் பாடுபட்டவர். பையன் பாலிடெக்னிக் படித்து, கோயமுத்தூரில் மோட்டார் கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் கத்தவில்லை, அடிக்கவில்லை. “கொஞ்ச நாள் பொறு கண்ணு, அப்பன் பேசி முடிக்கறேன்” என்றார். அவளும் நம்பினாள். என்னைக் கூப்பிட்டு, “ஆனமலைக்குப் போயி, புள்ளைக்கு நல்ல புத்தி வரோணும்னு வேண்டிட்டு வா” என்று பஸ் ஏற்றிவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது அவளை வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். சீமெண்ணெய் ஸ்டவ் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். குனிந்து அவள் தலைமாட்டில் அழுதபோது எனக்கு வந்தது சீமெண்ணெய் வாசம் இல்லை. அதைச் சொல்வதற்குள் என்னைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். சமையலறைக் கதவு வெளியே தாழ் போட்டிருந்தது, எடுத்துவிட்டுத்தான் உள்ளே போனோம் என்று எங்கள் தறியில் வேலை செய்யும் சென்னியம்மாள் பிறகு என் காதில் சொன்னாள். நீங்கள் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடியில் ஒரு சட்டை சொட்டச் சொட்டத் தொங்கியது. குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனிதர் அன்றைக்குத் தன் சட்டையைத் தானே துவைத்திருந்தார்.

அப்போதும் நான், துக்கத்தில் மூக்கு தப்பாகச் சொல்லும் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்து வேனை வெளியே எடுத்தால், உள்ளே ஒரே பெட்ரோல் வாசம். என் வீட்டுக்காரர் டேங்க் மூடியைத் திருகிப் பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார், பிடிபடவில்லை. சூலூரிலிருந்து மெக்கானிக் ரசாக்கை வரச் சொன்னார். என்னையும் கூப்பிட்டார். “நீ மோந்து சொல்லு அம்மணி, எங்கிருந்து வருதுன்னு.”

ஏறி உட்கார்ந்தேன். பின்னாலிருந்து வரவில்லை. முன்சீட்டுக்கு அடியிலிருந்து வந்தது. சொன்னேன். என் வீட்டுக்காரர் தறிக்கூடத்துக்குப் போன் வந்ததென்று போய்விட்டார். ரசாக் சீட்டைத் தூக்கினார். அந்த வேனில் இன்ஜின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

“இது தானா வந்த கோளாறு இல்லீங்கம்மா” என்றார் ரசாக். “கார்புரேட்டருக்குப் போற ரப்பர் ஓஸை ஆரோ புடுங்கிப் பெட்ரோல் புடிச்சிருக்காங்க. திருப்பி மாட்டறப்ப கிளிப்புப் போடாம உட்டுட்டாங்க. அதான் கசியுது. ஊட்டுல ஆருக்காச்சும் பெட்ரோல் வேண்டியிருந்துச்சுங்களா?”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பழைய ஓஸை எறிந்துவிட்டுப் புதிது மாட்டி, கிளிப்பை முடுக்கி, ஸ்டார்ட் செய்து காட்டினார். வாசம் நின்றுவிட்டது. “நல்லவேளைங்கம்மா. மொதலாளி உள்ள உக்காந்தே சிகரெட்டுப் பத்த வெக்கிறவரு” என்று சொல்லிவிட்டுப் போனார். ரசாக் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவர் வேலை சுத்தமான வேலை. அவரைக் கூப்பிட்டு அடித்துவிடாதீர்கள்.

அன்றைக்குச் சோறு போடும்போது கேட்டேன். “வேன்ல எதுக்குங்க பெட்ரோல் புடிச்சீங்க?”

அவர் நிமிரவில்லை. “அன்னைக்கு ஊட்டுல சீமெண்ண இல்ல. ரசத்த ஊத்து” என்றார்.

ஊற்றினேன்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என்னிடம் பொய் சொல்லும் சிரமம்கூட அவருக்கு வேண்டியிருக்கவில்லை. பத்து மாதம் சுமந்தவளுக்கு அந்த அளவு மரியாதைதான்.

ஆடியில் அந்தியூர் சந்தைக்குக் காளை பிடிக்கக் கிளம்பினார். அவர் குளிக்கப் போனபோது நான் சீட்டைத் தூக்கினேன். ரசாக் மாட்டிய கிளிப்பைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு, ஓஸை நுனியில் மட்டும் நிற்கும்படி விட்டேன். புதிதாக நான் எதுவும் செய்யவில்லை. அவர் அன்றைக்கு எப்படி விட்டுவைத்தாரோ அப்படி வைத்தேன்.

வண்டியை எடுத்தவர் நிறுத்தி மோந்து பார்த்தார். “ஏ அம்மணி, மறுக்கா வாசம் வருதா?”

ஜன்னலுக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்துப் பார்த்தேன். நன்றாகவே வந்தது.

“இல்லீங்க. புது ரப்பர் வாசம். ரெண்டு நாள்ல போயிரும்னு ரசாக் சொன்னாருங்க.”

“நீ சொன்னாச் செரி” என்றார்.

பெருந்துறை தாண்டி எரிந்தது என்று சொன்னீர்கள். அவ்வளவு தூரம் சிகரெட் பற்றவைக்காமல் போனாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவரோடு எரிந்துபோன என் மகன் ரவிக்குமாரும் கூடப் போவது எனக்குத் தெரியாது என்று நீங்கள் வந்தவுடன் சொன்னேன். அது தப்பு. மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். தங்கையை எரித்ததில் அவன் கை இல்லை. அவள் செத்த அன்று அவன் ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் இருந்தான். வந்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “ஊருக்குள்ள வெசயம் ஆருக்காச்சும் தெரியுமாப்பா?” என்று அப்பனிடம் கேட்டான். கேட்டுவிட்டுக் கைகால் கழுவப் போனான்.

வேன் நகரும்போது துண்டை உதறிக்கொண்டு ஓடி வந்தான். “இருங்கப்பா, நானும் வாரேன்.” ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தான். “அம்மா, சந்தையில உனக்கென்ன வாங்கியாரட்டும்?”

எதுவும் வேண்டாம் கண்ணு என்றேன். அந்தப் பக்கத்துக் கதவு ஓங்கிச் சாத்தினால்தான் ஒட்டும். அவன் சாத்தியது ஒட்டவில்லை. நான் போய்ச் சாத்தினேன்.

மகன் என்றும் மகள் என்றும் நான் ஒருநாளும் பேதம் பார்த்தவள் இல்லை, ஐயா.