ஏரிச் சேற்றில் விழுந்த மோதிரம்

— குதிக்காதே ராடோ! குதிச்சேன்னா என்னை மறந்துடு!

— என்ன கலினா இது? உன் விரல்ல போடக் கொண்டு வந்த மோதிரம் ஏரிக்குள்ள கிடக்கு. கழுத்தளவு தண்ணிதான். ஒரே முங்கு, சத்தியமா எடுத்துட்டு வந்துடறேன்.

— எனக்குத் தண்ணியப் பத்திக் கவலையில்ல, மக்குப் பையா. கீழ இருக்கிற சேறுதான் கவலை. சட்டையைப் போடு. படகு வேற ஆடுது, எனக்குச் சிரிப்பு வேற வருது.

— சிரிக்கிறியா? மண்டி போட்டவன் மானம் போச்சு!

— நீ மண்டி போட்ட வேகத்துல துடுப்பு போச்சு, திங்கக் கொண்டு வந்த பனிட்சா போச்சு, ரகியா சாராயப் புட்டியும் போச்சு. மோதிரம் மட்டும் தப்பிக்குமா?

— சத்தியமா கேக்கறேன், அந்தச் சேத்துல அப்படி என்ன புதையல்?

— ஈயம், காட்மியம். ஏரிக்கு மேல்பக்கம் இருந்த ஆலை, மூடுற வரைக்கும் கக்கினது. அப்புறம் மழையில வந்த நல்ல வண்டல் அதுக்கு மேல படிஞ்சிருக்கு. விஷம் மண்ணைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு அடியில கிடக்கு. கிளறினா மேல வரும். புழு தின்னும், புழுவை மீன் தின்னும், மீனை நம்ம ஊர் வறுத்துத் தின்னும்.

— ஒரு ஆள் கால் வெச்சாலே இவ்வளவா?

— போன கோடையில ஒருத்தன் தொலைஞ்ச நங்கூரத்தைத் தேடி அந்த மூலையை அளைஞ்சான். இன்னும் அங்க தூண்டில் போடத் தடை. தடை போட வெச்சதே நான்தான்.

— அப்ப உன் குழாயை இறக்கு. ஆராய்ச்சிக்குச் சேத்தை அலுங்காம உருவி எடுக்கிறதுதானே உன் வேலை?

— கை நுழையாத குழாய்டா அது! எங்க விழுந்துச்சுன்னு தெரியாம ஏரியைச் சல்லடையாத் துளைக்கவா? மாட்டேன். அங்கேயே கிடக்கட்டும்.

— எங்கம்மா என்னைக் கொன்னுடுவாங்க. அது அவங்க மாமியார் போட்ட மோதிரம். எங்க வீட்டு வழக்கம் தெரியும்ல?

— தெரியாமயா? அதைப் போட்டவ பிளோவ்திவ் நகரத்துல இருக்கிற உங்க வீட்டு மாடிக்குக் குடி போகணும். கீழ மாமியார், மேல மருமக. இந்த ஏரிக்கும் என் வேலைக்கும் முழுக்கு. அதனாலதானே உனக்குப் பதில் சொல்லாம இழுத்துக்கிட்டு இருக்கேன். உன்னைப் பிடிக்காமயா?

— மோதிரமே இல்லைன்னா?

— ம்?

— மோதிரம் இல்லைன்னா யாரு எந்த மாடிக்குப் போறது?

— இரு, இரு. கை வழுக்கிடுச்சுன்னு சொன்னியே?

— சொன்னேன்.

— ராடோ! குதிக்கப் போனதுகூட நடிப்பா?

— நீ மறிப்பியான்னு பாக்கணும்ல! ஆத்துல போட்டா எங்கம்மா வலை வீசுவாங்க, கிணத்துல போட்டா இறைச்சுடுவாங்க. இந்தப் பல்கேரியாவுலயே அவங்களால ஆள் இறக்கித் தேட முடியாத இடம் உன் சேறு ஒண்ணுதான் கலினா. வேணும்னுதான் போட்டேன். இப்பச் சொல்லு, வெறுங்கையோட வந்தவனைக் கட்டிக்கிறியா?