ஓரினின் தோளுக்கு ஒரு மெத்தென்ற ஸ்பிரிங்

அந்த நாற்காலி வேண்டாம் லவோன், அதன் கால் ஆடும். இதில் உட்காருங்கள். மற்றபடி இந்தக் கொட்டகையில் சரியாக வேலை செய்யாத பொருள் எதுவும் கிடையாது. துப்பாக்கி கிளப்பின் செயலாளராக நோட்டுப் புத்தகத்தோடு வந்திருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஹால்வர் எதையும் மறைக்கிறவன் இல்லை.

நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் இந்த இரும்புச் சாமான், தோட்டாவுக்கு வெடிமருந்து அளக்கும் கருவி. ஓரினுடைய அப்பா காலத்தது. கைப்பிடியை இழுத்தால் ஒரு தோட்டாவுக்கான மருந்து கூட்டுக்குள் கொட்டும். விட்டால் ஸ்பிரிங் அதை மேலே உதைத்து 'டக்' என்று நிறுத்தும். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் குழி அடுத்த அளவுக்கு நிரம்பிவிடும். மான்டானாவில் நாங்கள் எல்லோரும் கொட்டிய மருந்தைத் தராசில் வைத்துச் சரிபார்ப்போம். ஓரின் மட்டும் பார்க்கமாட்டான். "தராசு மளிகைக் கடைக்காரனுக்குய்யா. எனக்குக் காது இருக்கு" என்பான். கண்ணை மூடிக்கொண்டு டக், டக் என்று நூறு தோட்டா நிரப்புவான். அறுநூறு கஜத்தில் அவ்வளவும் ஒரு காபித் தட்டு அளவு இடத்துக்குள் விழும்.

ஜூன் மாதம் அவனுக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. அவனாகவேதான் இதைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"யோவ் ஹால்வர், இந்த ஸ்பிரிங் கழுதை மாதிரி உதைக்குது. மெத்துனு ஒண்ணு மாத்திக் குடேன்."

அவன் கேட்டான் என்பதை அடிக்கோடு போட்டு எழுதுங்கள். இரண்டு திருகாணிதான். முரட்டு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பழைய கொசுவலைக் கதவின் ஸ்பிரிங்கை மாட்டினேன். கைப்பிடி வெண்ணெய் மாதிரி இறங்கியது. ஒரே ஒரு குறை. ஸ்பிரிங்குக்குத் தெம்பு போதவில்லை. கைப்பிடி மேலே போய் முட்டாமல் ஒரு நகக்கண் அளவு முன்னாலேயே நின்றது. அதனால் குழி நிரம்பாமல், ஒரு முறை கொஞ்சம், ஒரு முறை நிறைய என்று மருந்து குறைந்தது. அந்த 'டக்' சத்தமும் போய்விட்டது.

சத்தம் வராவிட்டால் ஓரின் கவலைப்படுவான். உடம்பு சரியில்லாதவனைக் கவலைப்பட வைக்கலாமா? மத்தி மீன் டப்பாவிலிருந்து ஒரு தகட்டை வெட்டி, கைப்பிடி நிற்கிற இடத்தில் 'டக்' என்று சொல்லும்படி உள்ளே பொருத்தினேன். பழைய சத்தம் அப்படியே வருவதற்கு மூன்று நாள் பிடித்தது. உங்கள் கையில் இருப்பது அந்தத் தகடுதான். ஓரத்தைத் தடவிப் பாருங்கள், கையைக் கிழிக்காதபடி அரம் போட்டிருக்கிறேன். இத்தனை அக்கறை வேறு யாருக்கு வரும்?

கிளப்பின் வெற்றிப் பலகையை இதில் இழுக்காதீர்கள். வழக்கம் உங்களுக்கே தெரியும். வருடாவருடம் பெரிய போட்டியில் முதலில் வந்தவனின் பெயரை, இரண்டாவதாக வந்தவன் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பலகையில் சுட்டு எழுத வேண்டும். பதினோரு வருடமாக ஓரின் ட்வேட் என்று நான்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் அவன் பின்னால் நின்று, "கடைசி எழுத்து கொஞ்சம் கோணுதுய்யா" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

ஆகஸ்ட் பயிற்சிப் போட்டியை நீங்களும் பார்த்தீர்கள். முதல் குண்டு இலக்குக்குக் கீழே மண்ணில். இரண்டாவது இலக்கைத் தாங்கும் கட்டையில். மூன்றாவது ஒரு தரையணிலின் வளை வாசலில். அணில் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. எனக்குச் சிரிப்பை அடக்க இருமல் மாத்திரை தேவைப்பட்டது.

ஓரின் காற்றைச் சந்தேகப்பட்டான், மூக்குக் கண்ணாடியைச் சந்தேகப்பட்டான். மருந்துக் கருவியை மட்டும் சந்தேகப்படவில்லை, அதுதான் 'டக்' என்று சொன்னதே. கடைசியில் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கை போச்சுய்யா ஹால்வர். இல்ல, கண்ணு போச்சு."

"வயசாகுதுல்ல" என்றேன். நான் அவனைவிட ஒரு வயது மூத்தவன்.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. தீவனக் கடைப் பலகையில் அவனே சீட்டு எழுதி ஒட்டினான்: 'துப்பாக்கி விற்பனைக்கு. குறை துப்பாக்கியில் இல்லை, என்னிடம்தான்.' வாங்குகிற ஆள் வெள்ளிக்கிழமை வருகிறான். ஓரின் வண்டி ஓட்டுவதையும் விட்டுவிட்டான். இந்தக் கருவியை கிளப் அலமாரியில் காட்சிக்கு வைக்கச் சொல்லி உங்களிடம் கொடுத்தான். நீங்கள் துடைக்கும்போது தகடு விழுந்தது. துடைக்கிறவர்கள் இவ்வளவு அழுத்தித் துடைக்கக் கூடாது.

"காபிக் கோப்பையக்கூட ரெண்டு கையாலதான் பிடிக்கிறார், ஹால்வர்" என்று வாசலிலேயே சொன்னீர்கள். எனக்குத் தெரியாதா? போன வாரம் சுடச்சுட உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் வேகவைத்து எடுத்துப் போனது நான்தான். "நீ இல்லன்னா நான் என்னய்யா பண்ணுவேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்து இறைச்சியைத் துண்டு துண்டாக நறுக்கியும் கொடுத்தேன்.

பழைய ஸ்பிரிங்கா? இதோ, சட்டைப் பையில். ஜூனிலிருந்து இங்கேதான் இருக்கிறது. பத்து நிமிட வேலை. மாட்டிக் கொடுத்தால் ஒரே இழுப்பில் ஓரினுக்கு எல்லாம் விளங்கிவிடும். கையும் போகவில்லை, கண்ணும் போகவில்லை. துப்பாக்கியையும் விற்க மாட்டான்.

"அப்ப இப்பவே மாட்டுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் லவோன். இன்று புதன்தானே. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் நானே அவன் வீட்டுக்குப் போய் மாட்டிவிடுகிறேன், சத்தியமாக. அதற்கு முன்னால் முடியாது. சனிக்கிழமை பெரிய போட்டி. முடிந்ததும் யாராவது என் பெயரைப் பலகையில் எழுத வேண்டியிருக்கும். எழுதிப் பழக்கமில்லாத பெயர், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.