கானாடுகாத்தான் சுவரில் ஆர்கான்

எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் டீ வாங்கி வருவது நான்தான். முத்தரசு எப்படிப்பட்டவன் என்று யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். விசாரணைக் குழு என் தரப்பையும் எழுதித் தரச் சொன்னதால் நிதானமாகவே எழுதுகிறேன். மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

தேனம்மை எனக்கு இளையவள். ஒரே வழிகாட்டியிடம் வேதியியல் ஆய்வு செய்கிறோம். அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் உள்ள பழைய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு எவ்வளவு மழைநீரைக் குடிக்கிறது என்பது அவளுடைய ஆய்வு. அடைமழையில் பஸ் ஏறிப்போய், பூட்டிய வீட்டுக் காவல்காரரிடம் கெஞ்சிச் சாவி வாங்கி, சுவர் சுவராக அளந்தாள். உழைப்பாளிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

அளந்து முடித்ததும் என்னிடம் வந்தாள். "அண்ணே, எழுதி முடிக்கிறதுக்கு முன்னாடியே அட்டவணைய எல்லாரும் பாக்குற மாதிரி இணையத்துல போட்டுரவா? தேதியோட நம்ம பேர்ல பதிவாயிருமாம். சார் போடச் சொல்றாக."

"போட்டா எவனாவது சுட்டுட்டுப் போயிருவான் தேனு. பூட்டி வையி" என்றேன்.

இது அக்கறையில் சொன்னது. அவளும் நம்பிக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினாள். கணினி பழுதானால் என்ன செய்வது என்று ஒரு நகலைப் பென்டிரைவில் போட்டு, கடவுச்சொல்லையும் சொல்லி என்னிடம் கொடுத்து வைத்தாள். நம்பிக்கையான ஆளிடம் ஒன்று இருப்பது நல்லதுதானே.

என் நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும். எனக்கு உதவித்தொகை முடிகிற காலம். ஒரு கட்டுரையாவது வெளிவராமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. என் சோதனைகள் எதுவும் உருப்படியாக வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஓர் இணைய இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. திறந்த அணுகல் இதழாம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாமாம். மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே என்று தொடங்கியிருந்தார்கள். என்னை அப்படி அழைத்த முதல் ஆட்கள் அவர்கள்தான். மனம் குளிர்ந்துபோனது.

அறிவு பூட்டி வைக்கிற பொருள் இல்லை. அவள் பூட்டியதை நான் திறந்தேன். அட்டவணைக்குத் தலைப்பும் விளக்கமும் எழுதி, என் பெயரில் அனுப்பினேன். இதழ்க்காரர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் வெளியிட்டார்கள். அன்று எல்லோருக்கும் டீயோடு சமோசாவும் வாங்கிக் கொடுத்தேன். தேனம்மையும் சாப்பிட்டாள்.

பிறகு அவள் தன் ஆய்வேட்டைக் கொடுத்தாள். எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் அவளுடைய அட்டவணை முழுக்கச் சிவப்பு அடித்து, இது ஏற்கெனவே முத்தரசு என்பவர் வெளியிட்டது என்று காட்டியது. துறையில் என்னைக் கேட்டார்கள். நான் புகார் கொடுக்கவில்லை, கேட்டதற்குப் பதில்தான் சொன்னேன். அளந்தது நான், நகல் என்னிடம்தான் இருக்கிறது, அவள் அதிலிருந்து எடுத்திருக்கலாம், சின்னப் பெண், மன்னித்துவிடுங்கள் என்றேன். மன்னிக்கும்படி சொன்னதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அவள் பட்டம் நின்றது. பெங்களூரில் கிடைத்திருந்த வேலைக்கு அந்தப் பட்டம் வேண்டும். அவள் அழுததைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

கட்டுரை திறந்து கிடந்ததுதான் வினை. ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவர் அதைப் படித்துவிட்டு, ஆர்கான் ஒரு வாயு ஆயிற்றே, சுவரில் எப்படி இத்தனை விழுக்காடு தங்கும் என்று கட்டுரைக்குக் கீழே கேட்டுவிட்டார். நீங்களும் என்னை அழைத்து அதையே கேட்டீர்கள். நான் சளைக்கவில்லை. காற்றில் ஆர்கான் உண்டு, செட்டிநாட்டுச் சுண்ணாம்பு அதை இழுத்து வைத்துக்கொள்கிறது, கிரிப்டானும் அப்படித்தான் என்று விளக்கினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன்.

அட்டவணையின் தலைவரிசையில் ஏ.எல்., ஏ.ஆர்., கே.ஆர். என்றுதான் இருந்தது. எங்கள் பாடத்தில் ஏ.எல். என்றால் அலுமினியம், ஏ.ஆர். ஆர்கான், கே.ஆர். கிரிப்டான். நான் வேறு எப்படிப் படிப்பேன்?

அப்போதுதான், நீங்கள் என்னோடு சேர்த்து அழைத்திருந்த தேனம்மை வாயைத் திறந்தாள். "அண்ணே, ஏ.ஆர்.ங்கிறது எங்க அப்பச்சி வீட்டு விலாசம். கே.ஆர். அதுக்கு அங்குட்டு இருக்கிற வீடு. எந்த வீட்டுச் சுவரு எம்புட்டுத் தண்ணி குடிக்குதுன்னுதான் அதுல இருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்ல. ஏன் கேக்காமப் போனீக?"

முன்னோர் பெயர்களின் முதலெழுத்தே வீட்டுக்கு விலாசமாக நிற்பது இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அதைப் பார்த்துத்தான் நானும் தேவகோட்டையில் வளர்ந்தேன். வேதியியல் படித்தால் கண் இப்படி ஆகிவிடுகிறது. குழுவில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எடுத்ததற்காக இல்லை, கிரிப்டானுக்காக.

இப்போது அவள் எல்லா அளவுகளையும் இணையத்தில் திறந்து வைத்துவிட்டாள் என்று காட்டினீர்கள். நிபந்தனையையும் படித்தேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், வெளியிடலாம். யாருடையது என்று பெயரைச் சொன்னால் போதும். ஆக, எடுத்ததில் பிழை இல்லை என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். ஒரு பெயர் விட்டுப்போனது மட்டும்தான் குறை. பெருந்தன்மையோடு அதையும் சரிசெய்துவிடச் சம்மதிக்கிறேன். கட்டுரையில் தேனம்மையின் பெயரைச் சேர்த்துவிடலாம், என் பெயருக்கு அடுத்ததாக.