குறை சொல்ல ஓர் ஆள்

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சொன்னால்தானே நாளைக்கு அளவாகப் போடுவீர்கள். ஒருவர் குறை சொல்லும்போது முகம் சுளிக்காமல் கேட்கப் பழகிவிட்டால் மனிதன் எவ்வளவோ முன்னேறலாம். எனக்கு அது புரியவே ஐம்பது வயதாகிவிட்டது.

என் மனைவி குறை சொல்லிக்கொண்டே இருந்தவள். செருப்பை வாசலில் குறுக்கே விடுகிறேனாம், சொன்னது எதுவும் காதில் ஏறுவதில்லையாம். நான் வள்ளென்று விழுவேன். ஒருநாள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். அப்பாடா என்று இருந்தது. கொஞ்ச நாளில் மகள் வீட்டுக்கே போய்விட்டாள். செருப்பை இப்போதும் குறுக்கேதான் விடுகிறேன். கேட்க ஆளில்லை.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். வேலை முடிந்ததும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட ஓர் அம்மா வருவார். என்னைவிடச் சின்னவர். ஒரு திருகாணி லேசாகத் தளர்ந்திருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. மற்றவர்கள் அவரைக் கரித்துக்கொட்டுவார்கள். மனைவியிடம் செய்த தவறை இவரிடமும் செய்யக் கூடாது என்று நான் முடிவெடுத்தேன். "சொல்லுங்க மேடம், திருத்திக்கிறேன்" என்பேன்.

"குறை சொன்னா கோவிச்சுக்காத ஒரே ஆள் நீங்கதாண்ணே," என்றார் ஒருமுறை. நான் சரிசெய்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, மகளுக்குப் பல் விழுந்த கதையெல்லாம் சொல்வார். பிறகு இருவரும் தேநீர் குடிப்போம். வேறு யாரும் என்னோடு அப்படிப் பேசியதில்லை.

அவர் சொல்லச் சொல்ல என் வேலை சுத்தமாகிவிட்டது. அதுதான் வினையாகப் போனது. "எல்லாம் சரியா இருக்குண்ணே" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு விறுவிறுவென்று கிளம்பிவிடுவார்.

அதனால் ஒவ்வொரு வேலையிலும் சின்னதாக ஒன்றை விட்டுவைக்கத் தொடங்கினேன். எரியாத விளக்கு, சிக்கிக்கொள்ளும் பொத்தான், அவ்வளவுதான். "என்னண்ணே, நீங்களே இப்படி விடலாமா?" என்பார். மனசு நிறைந்துவிடும். ஆனால் சின்னக் குறைகளெல்லாம் தேநீர் ஆறுவதற்குள் தீர்ந்துபோயின.

தையல் கடை இருந்த ஒரு கட்டடத்தில், மேல்மாடி லிஃப்ட் கதவின் பூட்டைத் தொட்டேன். லிஃப்ட் வந்து நிற்காதபோது அந்தக் கதவு திறக்கக் கூடாது. திறக்கும்படி விட்டேன். பெரிய குறை, மத்தியானம் முழுக்கப் பேசலாம் என்று கணக்குப் போட்டேன். அன்றைக்குப் பார்த்து அவர் மகளுக்குக் காய்ச்சல். உள்ளே வரவேயில்லை. "நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதாண்ணே," என்று வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் எனக்கு வருத்தமாகிவிட்டது. ஒரு பார்வை பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லையே.

மறுநாள் காலை தையல்காரர், துணி மூட்டை முகத்தை மறைக்க, கதவைத் திறந்து காலெடுத்து வைத்தார். உள்ளே லிஃப்ட் இல்லை.

பழி அந்த அம்மாவின் மேல் விழுந்தது. வேலை போயிற்று. நான் அவர் வீடு தேடிப் போய், "நீங்க பாத்திருக்கணும் மேடம். இனிமேலாவது கவனமா இருங்க," என்று பதமாகத்தான் சொன்னேன். முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டார். குறையைக் கேட்டுக்கொள்ளும் பக்குவம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இப்போது வருகிறவர் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், போவார். ஒரு வார்த்தை கிடையாது. அதனால்தான் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு உங்களைத் தேடி வந்தேன். நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள். நடுநடுவே திட்டவும் செய்கிறீர்கள். எனக்கு அது நல்லதுதான்.

அதற்குள் எழுந்துவிடாதீர்கள். இன்னொரு கட்டடத்திலும் ஒரு கதவை அப்படி விட்டுவைத்திருக்கிறேன். எது என்று இப்போதே சொல்லிவிட்டால் எல்லோரும் ஓடிவிடுவீர்கள். பிறகு இந்த அறையில் நான் மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். சொல்லுங்கள், இதுவரை நான் செய்ததில் என்ன குறை? நிதானமாகவே சொல்லுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.