தடிமன் பார்த்துத் தந்த பரிந்துரை

"ஹலோ... ஹலோ, நான்தான்... வேற யாரு, நான்தான். வச்சிடாத, வச்சிடாத... ஆமா... ஆமா, சாப்பிட்டேன். ரொட்டி... நேத்தும் ரொட்டிதான். அது கிடக்கட்டும். உங்க அக்கா முட்டி எப்படி இருக்கு?... நடக்கிறாங்களா?... மாடிப்படி ஏறுறாங்களா! அப்புறம் நீ ஏன் இன்னும் அங்க... சரி, சரி. அதக் கேக்க நான் கூப்பிடல."

அதைக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் எது முதலில், எது பின்னால் என்ற வரிசை பரிந்துரையாருக்குக் கொஞ்ச நாளாகவே பிடிபடவில்லை. பரிந்துரையார் என்பது பத்திரிகை வட்டாரம் அவருக்குச் சூட்டிய பட்டம். பாதி மரியாதை, பாதி நக்கல். அவர் முழுவதையும் மரியாதைக் கணக்கிலேயே வரவு வைத்துக்கொண்டவர். ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில், புதிதாக வந்த கதைப் புத்தகங்களில் எதை வாங்கலாம் என்று பெரியவர்களுக்கு ஒரு கட்டமும் குழந்தைகளுக்கு ஒரு கட்டமும் வருஷக்கணக்காக எழுதிவருகிறார்.

மறுமுனையில் அவர் மனைவி. அக்காவின் முட்டி அறுவைச் சிகிச்சைக்கு ஒத்தாசையாக ஒரு வாரம் என்று போன அம்மாள். முட்டி தேறிவிட்டது; அம்மாள் திரும்பவில்லை. இதில் பரிந்துரையாருக்கு வருத்தமா, கோபமா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பல் மருத்துவர் ஊசி போட்டு அனுப்பிய கன்னம்போல ஆளே மரத்துப்போயிருந்தார். தொட்டால் தொட்டது தெரியும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"இங்க பாரு, விஷயம் என்னன்னா, ஆபீஸ்ல ஒரே ரகளை. போன வாரம் நான் எழுதினது தலைகீழாப் போயிடுச்சாம். பெரியவங்க கட்டத்துல குழந்தைங்க கதை, குழந்தைங்க கட்டத்துல பெரியவங்க நாவல்... ஆமா... ஆமாம்மா, ரெண்டுமே... சிரிக்கிறியா?... இல்லையா? ஏதோ சத்தம் கேட்டுச்சு... ஓ, மிக்ஸியா."

"எப்படின்னு என்னைக் கேட்டா? நீ இல்ல. பார்சல் பார்சலா வந்து குவிஞ்சு கிடக்கு, சோபாவுல உக்கார இடமில்ல. நான் ஒரு கணக்கு வச்சுக்கிட்டேன். மெலிசா இருந்தா குழந்தைங்களுக்கு, தடியா இருந்தா பெரியவங்களுக்கு... பிரிச்சுப் பாக்கலையாவா? மேல சுத்தியிருந்த பிளாஸ்டிக்கையே பிரிக்கல, புத்தகத்த எங்க பிரிக்கிறது?... கத்தாத... கத்தலையா. சரி. கத்தினாக்கூடத் தேவலாம்."

அந்த வீட்டில் ஒரு புத்தகம் பரிந்துரையாகும் விதம் வெளியே யாருக்கும் தெரியாது. படிப்பது அம்மாள். பால் காயும்வரை நாலு பக்கம், துணி காயும்வரை நாற்பது பக்கம் என்று படித்துத் தீர்த்துவிட்டு, மறுநாள் காய் நறுக்கிக்கொண்டே ரெண்டு வார்த்தை சொல்வார். பரிந்துரையார் அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்த ரெண்டு வார்த்தையை இருநூறாக ஊதுவார். நடுவில் கொஞ்சம் இழுக்கிறது என்று அம்மாள் சொன்னால், 'நிதானத்தின் அழகியலை நெய்து காட்டும் படைப்பு' என்று அச்சில் வரும். புரியவில்லை என்று சொன்னால் 'பன்முக வாசிப்பைக் கோரும் பிரதி'. அழுகை வந்தது என்றால் 'ஈரம்' என்ற சொல் குறைந்தது மூன்று இடத்தில் சொட்டும்.

இரண்டு மாதத்துக்கு முன் அவருக்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. தினமும் நூறு பக்கம் வாசிக்காமல் தமக்கு உறக்கம் பிடிப்பதில்லை என்று மேடையில் அறிவித்த பரிந்துரையார், அச்சகத்தாருக்கு நன்றி சொன்னார், கண்ணாடிக் கடைக்காரருக்கு நன்றி சொன்னார், தமது சாய்வு நாற்காலிக்குக்கூட நன்றி சொன்னார். அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாளின் பெயர் மட்டும் நன்றிக்குள் அகப்படவில்லை. அக்காவின் முட்டி அதற்கடுத்த வாரம்தான் வலிக்க ஆரம்பித்தது.

"அந்த மெலிசு புத்தகம் இருக்கே, 'மழைக்கு முன் மடித்த குடை', அட்டையில மஞ்சக் குடை, பளபளன்னு. யாரா இருந்தாலும் குழந்தைங்களுக்குன்னுதானே நினைப்பாங்க? 'ஐந்து முதல் எட்டு வயதுவரை, மழை நாளில் மடியில் அமர்த்தி வாசித்துக்காட்டக் குதூகலமான கதை'ன்னு எழுதிட்டேன்... என்ன?... ரெண்டு பிள்ளைங்கள விட்டுட்டு வீட்ட விட்டுப் போறவளோட கதையா?... முதல் பக்கத்துலயே போயிடறாளா?... ம்."

அது அம்மாளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அம்மாளைக் கேட்டால் கதை வரும். அவ்வளவுதான்.

"தடி புத்தகம் பரவாயில்ல. 'ஏணி வாங்கப் போன நிலா'. தலைப்பக் கேட்டா நவீன நாவல் மாதிரிதானே இருக்கு?... ஒவ்வொரு தாளும் பலகை மாதிரி இருந்தா புத்தகம் தடியாத்தான் இருக்கும். உள்ள பன்னெண்டே பக்கம்னு நான் கனவா கண்டேன்? 'இருப்பின் வெறுமையை ஏறிக் கடக்கும் எத்தனம்'னு போட்டேன். அதுக்கு ஏக வரவேற்பு, தெரியுமா! வாசகர் வட்டத்துல கூட்டமே போட்டுட்டாங்க. ரிட்டயர்டு பேராசிரியர் ஒருத்தர் விடாம ஒரு மணி நேரம் பேசினாராம். நிலாங்கறது நடுத்தர வர்க்கமாம், ஏணிங்கறது கல்வியாம்... இரு, இன்னும் இருக்கு. ஒரு பக்கத்துல ஓட்டை இருக்காமே, விரல விட்டு ஆட்டினா நிலா மூக்கு ஆடுமாமே? அதப் 'பிரதியின் இடைவெளி'ன்னாராம். கூட்டத்துல எல்லாரும் வரிசையில நின்னு விரல விட்டுப் பாத்தாங்களாம்... ஆமா... ஆமாம்மா, பேராசிரியர் ரெண்டு தடவை."

இதைச் சொல்லும்போது பழைய நாளாக இருந்தால் அவருக்கே சிரிப்பு வந்திருக்கும். இப்போது வாய் தன் வேலையைச் செய்தது. அவர் ஓரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. எவளோ ஒருத்தி, வேலை வெட்டி இல்லாதவ, ஆபீசுக்குப் போன் போட்டுப் பத்த வச்சுட்டா... வாசகியாம். ரெண்டு புத்தகத்தையும் புட்டுப் புட்டு வச்சாளாம். இணைப்புக்குப் பொறுப்பாசிரியரா இருக்கே ஒரு பொண்ணு, அவ அசந்துபோயிட்டா. புத்தகத்தப் படிச்சுட்டு வந்து குறை சொல்றதுக்குன்னே சில பேர் இருக்காங்க, என்ன பண்றது... ஹலோ?... ஹலோ, இருக்கியா?... இருந்தா ஏன் பேசாம... என்ன?... நீயா?"

கைப்பேசியை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினார். இடது காதிலும் அதேதான் கேட்டது.

"இல்ல, எவளோன்னு சொன்னது... அது பொதுவாச் சொன்னது... வேலை வெட்டி இல்லாதவன்னதும் பொதுவாத்தான். ஏம்மா, எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?... பண்ணினியா? எப்போ?... ஓ. விருதுக்குழுக் கூட்டத்துல இருந்தேன். அப்புறம் பேசறேன்னு வச்சுட்டேனா?... ம். அப்புறம் பேசல."

"சரி, ஆனது ஆச்சு. இப்ப கேளு. சாயங்காலத்துக்குள்ள ஒரு திருத்தம் தரணும், இந்த வாரத்துக்கு ரெண்டு புதுப் புத்தகம் சொல்லணும். இல்லன்னா பகுதிய என்கிட்டேருந்து எடுத்துடுவாங்க. நேராவே சொல்லிட்டா அந்தப் பொண்ணு. அது போச்சுன்னா எனக்கு என்னம்மா இருக்கு?... திருத்தத்துக்கு வழி பண்ணிட்டேன். ஆபீஸ்ல பக்கம் கட்டுறவர் அச்சுக்குப் போகும்போது கட்டத்த மாத்திட்டார்னு போட்டுடலாம்... அவருக்கு என்ன ஆகப்போகுது?... வேலை போயிடுமா?... அவ்வளவு தூரம் போகாது. நீ புத்தகத்த மட்டும் சொல்லு, பேனா கையில இருக்கு. ரெண்டு வார்த்தை போதும், மிச்சத்த நான்... யாரு?... யார்கிட்ட குடுக்கற? இப்ப எதுக்குக் குழந்தைகிட்ட..."

அம்மாளின் அக்காவுக்கு ஒரு பேத்தி. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து அதிக நாள் ஆகவில்லை.

"ஹலோ... ஆமாடா குட்டி, பேப்பர்ல எழுதுற சின்னத் தாத்தாதான்... ம்... மஞ்சக் குடைப் புத்தகமா... உங்கம்மா வாங்கிட்டு வந்தாங்களா. சின்னத் தாத்தா சொன்னா நல்லாத்தான் இருக்கும்னா... ம். ராத்திரி தூங்கலையா?... ரிப்பனா? ரிப்பன எதுக்கு... உன் கையையும் அம்மா கையையும் சேத்துக் கட்டிக்கிட்டியா. அப்பதான் அம்மா எந்திரிச்சுப் போனா உனக்குத் தெரியுமா... தினமுமா?... ம்... கெட்டியா முடி போடத் தெரியுமா உனக்கு?... சரி."

"என்ன?... அந்தக் குடைக்காரம்மா திரும்பி வந்தாங்களான்னா..."

இந்த மாதிரிக் கேள்விக்குப் பரிந்துரையாரிடம் பதில் இல்லாமலா? 'முடிவை வாசகரிடமே ஒப்படைக்கும் துணிச்சல்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. 'திரும்புதல் என்பதே ஒரு கற்பிதம்' என்பதும் பின்னாலேயே வந்து வரிசையில் நின்றது. மறுமுனையில் குழந்தை மூச்சு விடுவது கேட்டது. வரிசை கலைந்தது.

"சின்னத் தாத்தாவுக்குத் தெரியாதுடா... நான் அதப் படிக்கல... பொய் இல்ல, நிஜமாவே படிக்கல... படிக்காம எப்படி எழுதினேன்னா... அது மெலிசா இருந்துச்சு. அதான்... ஆமா... ஆமா, தப்புதான்... மிஸ் கிட்ட சொல்லுவியா? சொல்லு. சின்னப் பாட்டிகிட்ட போனக் குடு."

பேனாவை மூடி மேஜையில் வைத்தார். தாளில் இந்த வாரத் தேதியைத் தவிர ஒன்றும் இல்லை.

"ம்... கேட்டேன். எல்லாம் சொன்னா... இப்ப தேவலாமா?... அந்த நிலாப் புத்தகத்தையும் வாங்கிக் காட்டித் தூங்க வச்சியா. மூக்க ஆட்டினாளா... நல்லது. பேராசிரியரவிட நல்லா ஆட்டியிருப்பா... எனக்கா? எனக்கு எப்படி இருக்குன்னா... ஒண்ணும் தோணல. நிஜமாத்தான் சொல்றேன். தப்புன்னு தெரியுது. தெரியறது வேற, உறைக்கிறது வேறயா இருக்கு. நீ போன அன்னிக்கும் இப்படித்தான். கதவச் சாத்தினேன், வந்து டிவி பாத்தேன்... இல்ல, என்ன ஓடுச்சுன்னு ஞாபகம் இல்ல."

"பக்கம் கட்டுறவர் மேல போடல... ம்ம், போடல. படிக்காம எழுதினேன்னே குடுத்துடறேன்... இல்லம்மா, 'வாசிப்பின் இடறல்'னெல்லாம் எழுத மாட்டேன். படிக்கலன்னு. அந்த ஒரு வார்த்தைதான்... ஆனா அதோட பகுதி கை விட்டுப் போயிடும், தெரியும்ல?... என்ன?... பகுதி நிக்காதா? யாரு சொன்னா?... பொறுப்பாசிரியர் பொண்ணா? உன்கிட்டயா?... ஓ... ஓ. அன்னிக்குப் போன்லயே கேட்டுட்டாளா... ம்... நீயே எழுதறதா."

"நீ எனக்கு யாருன்னு அவகிட்ட சொன்னியா?... சொல்லலையா... ஏன்?... அது சரி. நானும் இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொல்லலையே."

இப்படி ஒரு வாக்கியம் தம் வாயிலிருந்து வந்ததைப் பரிந்துரையார் யாரோ சொன்னதுபோலக் கேட்டுக்கொண்டார். அதில் அழகியலும் இல்லை, எத்தனமும் இல்லை. ஊதுவதற்கு இடமே இல்லாத வாக்கியம்.

"எந்த வாரத்துலேருந்து?... இந்த வாரமேவா?... நான் தரலன்னா போடறதுக்குன்னு அனுப்பியே ஆச்சா!... உன் பேர்லயா?... ம், உன் பேர்லதான் வரணும்... இல்ல, கோவம் இல்ல. தேடிப் பாத்துட்டேன், இல்ல. நல்ல விஷயம்னு மட்டும் தெரியுது... பார்சலா? அங்க அனுப்பிடறேன். ஆட்டோ பிடிச்சு மொத்தமா... சரி, பிளாஸ்டிக்கக் கிழிக்காமலே அனுப்பறேன்... நீ வீட்டுக்கு எப்போ... சரி. கேக்கல. கேக்கல."

"ஒண்ணே ஒண்ணு. இந்த வாரம் பெரியவங்களுக்கு என்ன புத்தகம் சொல்லியிருக்க?... எழுத இல்லம்மா. படிக்க... ஆமா, நான்தான். நானே உக்காந்து... ஏன், கண்ணாடி இருக்கே... ஞாயித்துக்கிழமை பேப்பர்லயா? எனக்கு மட்டும் முன்னாடியே சொல்லக் கூடாதா?... எல்லாரையும் போலவா... ஆமா... ஆமா, நியாயம்தான். பாத்துக்கறேன். பேப்பர்காரன் காலைல எப்ப வருவான்? நான் ஒரு நாளும் வாசலுக்குப் போய் எடுத்ததில்ல, நீதானே... ஹலோ?... ஹலோ?"

அம்மாள் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கப் பரிந்துரையாருக்குத் தோன்றவில்லை.