பூண்டு தேய்த்த புழு

பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ்ஸில், முன் சீட்டு அக்கா தன் புருஷனிடம் கேட்டார்: "மீன் பிடிக்கிற ரப்பர் புழுவுக்குப் பூண்டு தேச்சீங்களா?"

"தேச்சு ஊற வச்சிருக்கேன். ரப்பர் வாடை தெரிஞ்சா மீனு துப்பிரும்ல?"

"தூண்டி முள்ளைத் தலையில குத்தாதீங்க. நடு வயித்துல மாட்டுனாத்தான் புழு ரெண்டு பக்கமும் ஆடும். தூண்டி நரம்பும் மெல்லிசாப் போடுங்க."

"சரி சரி" என்று அவர் புழுவைக் காட்ட டப்பாவைத் திறந்தார். உள்ளே தயிர்சோறு.

"இது உங்கப்பாவுக்கு வச்ச சோறுல்ல! அப்ப புழு டப்பா எங்க?"

"வீட்டு அடுப்படியில கெடக்கு."

அக்கா வெரசாப் போன் போட்டார். "மாமா, அந்த டப்பாவைத் தொறக்காதீங்க... அய்யோ, அது ஊறுகா இல்ல மாமா, துப்புங்க!"

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினார்.

"பூண்டு நல்லா ஊறியிருக்காம். துப்ப மாட்டேங்கிறாரு."