தூங்கவைக்கத் தெரிந்தவள்

பன்னிரண்டு குழந்தைகளை ஒரே நேரத்தில் தூங்கவைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. குழந்தைகள் காப்பகத்தில் பதினோரு வருஷம் நான் அதைச் செய்தேன். தட்டிக் கொடுத்துக் கொடுத்தே தோள்பட்டை போய்விட்டது. புதிதாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். இரண்டு பாட்டுப் பாடுவாள், அறையே அடங்கிவிடும். பாட்டக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு யாரும் பெயர் வைத்ததில்லை.

அவள்மேல் எனக்குக் கோபமெல்லாம் கிடையாது. முதல் மாதம் மதியம் என்னோடுதான் சாப்பிட்டாள். புருஷன் போனது, எட்டு வயசு மகளுக்கு இருமல் நிற்காதது, எல்லாம் என்னிடம் சொன்னாள். பிறகு மற்றவர்கள் அவளைச் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். நான் ஜன்னலோரம் தனியாக டப்பாவைத் திறப்பேன். யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் பையனை அழைத்துப்போக ஓர் அம்மா வந்தாள். பையன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"பாட்டக்கா கையில மட்டும் பிள்ளைங்க இப்படி அசந்து தூங்குதுங்க. எனக்கு அந்த வித்தை தெரியல" என்றேன்.

"என்னக்கா சொல்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, விடுங்க."

இவ்வளவுதான். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மூன்றாம் நாள், பாட்டக்கா மருந்து ஊற்றித்தான் பிள்ளைகளைத் தூங்கவைக்கிறாள் என்று எட்டு அம்மாக்கள் வந்து நின்றார்கள். அவள் பையைக் கொட்டினார்கள். ஒரு மருந்து பாட்டில் உருண்டது.

"என் பொண்ணோட இருமலுக்கு வாங்கினது. அக்காவுக்குத் தெரியும், கேளுங்க" என்றாள்.

காப்பகம் நடத்துகிற மேடம் என்னைப் பார்த்தார்.

"எனக்கு எதுவும் தெரியாது மேடம்."

அந்த ஒன்றை வேண்டுமானால் பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றே வேலை போயிற்று. வேறு எங்கும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. "பெத்ததுக்கும் இதைத்தானே ஊத்தியிருப்பா" என்று மாமியார் வந்து பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தெருவில் ஒருவரும் அவளுக்கு முகம் கொடுப்பதில்லை.

ஞாயிறுதோறும் நான் மட்டும் சாப்பாட்டு டப்பாவோடு அவள் வீட்டுக்குப் போகிறேன். அவள் முன்னைவிட மெதுவாகச் சாப்பிடுகிறாள். எனக்கு அவசரமில்லை.

போன வாரம் கேட்டாள்: "யாருக்கா இதைக் கெளப்பி விட்டிருப்பாங்க?"

"யாரா இருந்தா என்னம்மா. நான் இருக்கேன்ல."

என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. நாளைக்குக் காலையில் சாமான்களோடு வருகிறாள். நாதியில்லாத ஒருத்தியை அப்படியே விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.